ஒத்திகைக்குப் போயிருக்கிறான்

செந்திலுக்கு,

விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முழுதாகப் படித்துவிடு. ஏறிய பிறகு என்றால் பாதியில் தூங்கிவிடுவாய். என் நாடகங்களுக்கு முதல் வரிசையில் உட்கார வைத்தால்கூட முதல் காட்சி முடிவதற்குள் தலை சாய்ந்துவிடுகிற ஆள் நீ. மேலே உன் தம்பி ரவி தொண்டை கிழிய வசனம் பேசிக்கொண்டிருப்பான், கீழே நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பினால் "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பாய். அதை வைத்து உன்னைப் பல வருஷம் கேலி செய்திருக்கிறோம். அப்படிப்பட்ட உன்னிடம் இப்போது நாடகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வேறு பாஷையில் எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. பிழைப்புக்குத் தமிழ் வாத்தியாராக இருந்தேனே தவிர, யோசித்ததெல்லாம் மேடையை வைத்துத்தான்.

போன வாரம் போனில், "நான் வந்து இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லுங்கப்பா, பண்றேன்" என்றாய். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் நானும் கொஞ்ச நேரம் பேசினாலே சண்டையில்தான் முடிகிறது, அதனால்தான். சின்ன ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னேன். சின்னது இல்லை. நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டிய வேலை. இந்த வயதில், இத்தனை வருஷச் சர்க்கரையோடு, நல்லபடியாக எழுந்து வந்துவிடுவீர்கள் என்று சென்னை டாக்டர் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். நான் இல்லாத நாள்களில் அம்மாவோடு நீ இருக்க வேண்டும். நான் திரும்பி வராவிட்டால் அதற்குப் பிறகும் நீதான். இந்தக் கடிதத்தை நண்பர் நடத்தும் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாரே என்று கோபப்படாதே. இந்தப் பாண்டியில், ரெட்டியார்பாளையத்தில் நம் தெருவிலேயே உன் அம்மாவைப் போல் மறந்துகொண்டு வருகிறவர்கள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உன்னைப் போலவே, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு லியோனிலும் பாரீசிலும்தான் இருக்கிறார்கள்.

போன தடவை நீ வந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நம் இருவருக்கும் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்பது அதுதான். நீ உள்ளே வந்து பையை வைத்ததும் கூடத்துச் சுவரைப் பார்த்தாய். ரவி படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது. "தம்பி போட்டோ எங்கப்பா?" என்று கேட்டாய். பீரோவில் இருக்கிறது என்றேன். "செத்தவனுக்கு ஒரு போட்டோ மாட்டக்கூட மனசு வரலயா உங்களுக்கு? அவன் இருந்ததே தெரியக் கூடாதா?" என்று கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் பீரோவிலிருந்து படத்தை எடுத்தாய், மார்க்கெட்டுக்குப் போய் சம்பங்கி மாலை வாங்கி வந்தாய், மாட்டி ஊதுவத்தியும் ஏற்றிவிட்டாய். அம்மா மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு என் புள்ளைக்கு மாலை போட்டது?" என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரவி போயிட்டாம்மா. அரியாங்குப்பம் போறப்ப பஸ்ல அடிபட்டு போயிட்டான். உனக்குத் தெரியும்மா" என்றாய்.

அவளுக்குத் தெரியாது, செந்தில். தெரிந்ததை நினைவுபடுத்துவதாக நீ நினைத்தாய். அவள் அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் எப்படி விழுந்தாளோ அப்படியே இந்தக் கூடத்தில் விழுந்தாள். அதே மாதிரி இரண்டு கையாலும் கன்னத்தில் அறைந்துகொண்டாள். மறுநாள் காலையில் எல்லாம் மறந்து, உன்னிடம் காபி சர்க்கரை போதுமா என்று கேட்டாள். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல. உண்மைய சொன்னா தாங்கிக்குவாங்க" என்றாய், சாயங்காலம் கிளம்பியும் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பல நாள் அவள் சாப்பிடவில்லை. கேட்ட செய்தி மறந்துவிட்டது, துக்கம் மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்த்துக்கொள்ள வரும் செல்வியிடம், "நான் ஏன் அழுவுறேன்?" என்று கேட்பாள். செல்வி முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடிவிடுவாள்.

விமான நிலையத்திலிருந்து போன் செய்து, "வீட்டையே நாடகக் கொட்டகையா ஆக்கிட்டீங்க" என்றாய். "உங்களால தாங்க முடியலன்னு ஒத்துக்குங்க, அம்மா மேல பழிய போடாதீங்க" என்றும் சொன்னாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இப்போது முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், கொட்டகைதான். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாடக முரண் என்று நாங்கள் சொல்லுவது ஒன்று உண்டு. மேடையில் இருப்பவருக்குத் தெரியாதது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருப்பது. கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பதைச் சபை பார்த்துவிடும். பாட்டுப் பாடிக்கொண்டே கதவைத் திறக்கப் போகிறவளுக்கு மட்டும் தெரியாது. சபையில் எல்லோரும் நெளிவார்கள். அப்படி நெளிய வைப்பதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய பெருமை. இப்போது அந்தச் சபையில் தனியாக நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன். அவள் ரவியின் நீலச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள், பட்டன் ஒன்று தளர்ந்திருக்கிறது என்று ஊசி நூல் தேடுகிறாள், நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு நாடகம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற ஆறுதல் இருந்தது. நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறேன்.

உனக்கு முன்னால் அதே தப்பை நானும் செய்தேன், அதுவும் நாள் தவறாமல். மறதி ஆரம்பித்த புதிதில் "ரவி எங்க?" என்று கேட்டால் உடனே திருத்துவேன். நாடகம் போடுகிறவனுக்கு இருக்கிற கெட்ட பழக்கம் அது. ஒத்திகையில் ஒருவர் வசனத்தை மாற்றிச் சொன்னால் நிறுத்து, முதலிலிருந்து ஆரம்பி என்போம். அவளையும் அப்படித்தான் படுத்தினேன். "அப்படி இல்ல, நல்லா யோசிச்சுப் பாரு. இது எந்தத் தெரு? இன்னிக்கு இன்னா கிழமை? ரவிக்கு இன்னா ஆச்சு?" என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு நாள் அவள் சுவரோடு ஒட்டி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வரலைங்க. வேற யாரயாவது போட்டுக்குங்க" என்றாள். என்னிடம் திட்டு வாங்கிய புது நடிகர்கள் சொல்லுவது அது. நான் எத்தனையோ பேரை அப்படிச் சொல்ல வைத்து, அதில் சிலரை உண்மையிலேயே மாற்றியும் இருக்கிறேன். இங்கே யாரைப் போட்டுக்கொள்வது? அன்றோடு திருத்துவதை விட்டேன்.

அடுத்த தடவை அவள் கேட்டபோது என்னையும் அறியாமல் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒத்திகைக்குப் போயிருக்கான்." அவள் முகம் தளர்ந்தது. "சீக்கிரம் வரச் சொல்லுங்க, சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்கூட இல்லை. அரியாங்குப்பம் கல்யாண மண்டபத்து மாடியில் நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு நான் முன்னாலேயே போய்விட்டேன். அவன் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம், "ஒத்திகைக்குப் போறேம்மா" என்றானாம். அவனைப் பற்றி இந்த வீட்டுக்குத் தெரிந்த கடைசிச் செய்தி அதுதான். நான் அந்த இடத்திலேயே கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முன்னேற்பாடு இல்லாமல் மேடையில் நடிக்கும்போது ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது. அவர் மழை பெய்கிறது என்றால் நீ குடையை விரிக்க வேண்டும். வெயில் அடிக்கிறதே என்று நீ சொன்னால் அவர் அதோடு நின்றுவிடுவார், நாடகமும் நின்றுவிடும். செல்வி நாடகமே பார்த்ததில்லை, ஆனால் இதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. காலையில் வந்து பையை மாட்டும்போதே, "இன்னா சார், இன்னிக்கு நான் யாரு? நேத்து உங்க தங்கச்சின்னாங்க, சீர் செய்யலன்னு சண்ட வேற போட்டாங்க" என்பாள். அவளோடு நீ ஒத்துப்போக வேண்டும். அவள் கொஞ்சம் அதட்டுவாள், பொறுத்துக்கொள்.

நீ அம்மாவை அடுப்பங்கரையில் பார்த்து வளர்ந்தவன். நான் அவளைப் பக்கத்திரைக்குப் பின்னால் பார்த்தவன். எங்கள் குழுவைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தியோகஸ்தர். பெயரைச் சொல்ல மாட்டோம், முசியே என்றுதான் கூப்பிடுவோம். பிரான்சு நாடக மேடை வழக்கங்கள் இரண்டை அவர் எங்கள் குழுவில் கொண்டுவந்து சேர்த்தார். ஒன்று, திரை தூக்குவதற்கு முன்னால் மேடைப் பலகையில் தடிக்கம்பால் மூன்று தட்டு. மணி கிடையாது, விசில் கிடையாது, மூன்று தட்டு மட்டும்தான். எப்பேர்ப்பட்ட சத்தக்காடும் அதற்கு அடங்கிவிடும். இன்னொன்று, வசனம் மறந்தவர்களுக்கு மறைவில் இருந்து எடுத்துக் கொடுப்பவரை அவர் 'சூஃப்ளர்' என்பார். மூச்சு விடுகிறவர் என்று அர்த்தமாம். கல்யாணமான புதிதில் எனக்கு ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்த உன் அம்மா, அந்த வேலைக்கு ஆள் வராத ஒரு நாள் நாடகப் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அதோடு அந்த முக்காலி அவளுக்கென்றே ஆகிவிட்டது.

எங்களுக்கெல்லாம் அவள்தான் தைரியம். முதல் வரிசைக்குக் கேட்காது, மேடையில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும், அப்படி ஒரு குரல். குரல்கூட இல்லை, வெறும் காற்று. அவள் பிரதியைப் பார்க்க மாட்டாள், உதட்டைத்தான் பார்ப்பாள். வேண்டுமென்றே நிறுத்துகிற நிறுத்தம் வேறு, மறந்துபோய் நிற்பது வேறு. சபைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், அவளுக்குத் தெரியும் எது எதுவென்று. நிறுத்தத்துக்கு நடுவே ஒரு நாளும் எடுத்துக் கொடுத்ததில்லை, மறதியில் ஒருவரையும் தவிக்க விட்டதில்லை. மறந்தவன் தலை தானாகவே இடது பக்கம் திரும்பும், அங்கே அவள் முகம் இருக்கும். ஊரில் எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கா இப்படி வர வேண்டும் என்று எத்தனையோ நாள் மொட்டை மாடியில் நின்று அழுதிருக்கிறேன். தனிமொழி என்று ஒன்று உண்டு, மேடையில் யாரும் இல்லாதபோது பாத்திரம் தன் மனசில் இருப்பதைத் தானே பேசிக்கொள்வது. உனக்கும் அந்த மொட்டை மாடி இருக்கிறது. அழ வேண்டும் என்றால் மேலே போய் அழு.

இனி நடைமுறை. அவள் நாற்காலியை நகர்த்தாதே. யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நடப்பது என்பதை மேடையில் முதலிலேயே தீர்மானித்துவிடுவோம், இருட்டில்கூட நடிகனின் கால் தானாகப் போகும். செல்வி ஒரு நாள் கூட்டுவதற்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டாள். அம்மா கூடத்தின் நடுவில் வந்து நின்றுகொண்டு, இது யார் வீடு என்று கேட்டு நடுங்க ஆரம்பித்துவிட்டாள். நீலச் சட்டை கொக்கியிலேயே தொங்கட்டும். அவள் இஸ்திரி போடும்போது பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடு, சூடு இல்லை என்பதை அவள் கவனிப்பதில்லை. அவள் தலைக்கு மேலாக நீயும் செல்வியும் கண் ஜாடை செய்துகொள்ளாதீர்கள். நடிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நாங்கள் நடிப்போம், நான்காவது சுவர் என்போம். ஒரு ஜாடையில் அது இடிந்துவிடும். எதுவும் புரியாவிட்டாலும் தன்னை வைத்து ஏதோ நடக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

ரவி படத்தை ஏன் எடுத்தேன் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மேடையில் வைக்கிற பொருள் எதுவும் சும்மா இருக்காது, யாரும் வாயைத் திறக்காவிட்டாலும் அது பேசிக்கொண்டே இருக்கும். மாலை போட்ட படம் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். உன் தம்பியை நான் மறைக்கவில்லை, செந்தில். ராத்திரி அவள் தூங்கிய பிறகு பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நானும் படுக்கிறேன்.

காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்பாள். முதலில் அது நெஞ்சில் குத்தும். அப்புறம் ஒரு வழி கிடைத்தது. கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது கட்டியங்காரன், "யாருய்யா நீ, எந்த ஊரு, பேரு என்ன?" என்று கேட்பான் இல்லையா? ராஜா கோபித்துக்கொள்ள மாட்டான், தன் பெயரையும் பெருமையையும் நீட்டி முழக்குவான். நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ரெட்டியார்பாளையத்தை ஆளும், மூட்டு வலியால் வாடும், உன் கழுத்தில் தாலி கட்டிய மகாராஜா வந்தேனே" என்பேன். சில நாள் சிரிப்பாள். சில நாள் "அவரு நல்ல சிவப்பா இருப்பாரு, நீங்க கெழவரா இருக்கீங்க" என்பாள். நான் எப்போது சிவப்பாக இருந்தேன்? அவள் யாரை நினைத்துக்கொண்டு சொல்கிறாளோ என்று கேட்டுச் செல்வி என்னைக் கேலி செய்வாள்.

இனிமேல்தான் எனக்குச் சொல்லக் கஷ்டமான இடம். இரண்டு மாசத்துக்கு முன்னால் வீடியோ காலில் அம்மா உன்னைப் பார்த்து "ரவி, தாடி எடுத்துட்டியா?" என்றாள். படம் அணைந்துவிட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது என்றாய். சிக்னல் போகவில்லை, படம் அணைவதற்கு முன்னால் உன் கண்ணை நான் பார்த்தேன். அவன் உயிரோடு இருந்தபோதும் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். நாடகம் முடிந்து அவனைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், நீ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை, "எனக்கும் ஒரு வேஷம் குடுங்கப்பா" என்று கேட்டாய். ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கிற காவல்காரன் வேஷம் கொடுத்தேன், வசனம் கிடையாது. அசையாமல் நின்றாய். வீட்டுக்கு வந்து நான் ரவியின் நடிப்பைப் பற்றித்தான் பேசினேன். அதற்குப் பிறகுதான் நீ என் நாடகங்களில் தூங்க ஆரம்பித்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

இது தெரிந்தும், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது உன்னிடம் கேட்க நினைத்தது என்ன தெரியுமா? ரவியாக வா என்று. முக்கியமான நடிகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதே வேஷத்தைக் கட்ட இன்னொருவனைத் தயாராக வைத்திருப்போம், மாற்று நடிகன் என்போம். நாற்பது தாண்டிய பிறகு உன் முகம் அப்படியே அவன் முகம் ஆகிவிட்டது. அவன் ஒத்திகையிலிருந்து திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், ஒரு தடவையாவது அந்தச் சோறு ஆறாமல் இருக்குமே என்று ஆசைப்பட்டேன். எழுதினேன், அடித்துவிட்டேன். ஏன் என்றால் போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது.

சென்னையில் சோதனை எல்லாம் முடித்து வந்த மறுநாள். மத்தியானம். எனக்கு மூச்சு வாங்கியது, கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா எதிரில் நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "ரவி எங்க?" என்றாள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மறதி இல்லை. அடுத்த மாசம் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லுவார்கள் என்ற நினைப்பு குறுக்கே வந்துவிட்டது. அவள் என் உதட்டைப் பார்த்தாள். சட்டையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, உள்ளங்கையை வாயோரம் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய காற்றுக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒத்திகைக்குப் போயிருக்கான்" என்றாள்.

இத்தனை வருஷப் பழக்கம், நானும் உடனே அதை வாங்கிச் சத்தமாகச் சொன்னேன்: "ஒத்திகைக்குப் போயிருக்கான்." அவள் தலையாட்டினாள். திரும்பச் சட்டையை எடுத்துக்கொண்டாள். "சீக்கிரம் வரச் சொல்லுங்க, சாப்பாடு ஆறிடும்" என்றாள். அடுப்பங்கரை வாசலில் செல்வி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அம்மா உள்ளே போன பிறகு மெதுவாக என்னிடம் வந்து, "சார், அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இப்போதும் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட வசனத்தைப் பழைய கெட்டிக்காரத்தனம் தானாக எடுத்துக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதானாக இருக்கலாம். அல்லது எங்கேயோ அடியில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாங்க முடியாதவன் நான்தான் என்று கண்டுபிடித்து, எனக்காக இந்த நாடகத்தை நடத்திக்கொண்டிருக்கிறாள். நீ விமான நிலையத்தில் சொன்னது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தப்பு என்று எழுதவும் வரவில்லை. நான் நடிகன், அவள் ஒன்றும் தெரியாத பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு எது தெரியாது என்பதே இப்போது எனக்குக் குழம்பிவிட்டது. அதனால் உன்னை ரவியாக வரச் சொல்லும் தைரியம் போய்விட்டது.

செந்திலாகவே வா. விமானம் சென்னையில்தான் இறங்கும், அதற்காக ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்து நிற்காதே. நேராகப் பாண்டிக்குப் போய்விடு, அவளோடு செல்வி மட்டும்தான் இருப்பாள். பெல்லை அடிக்காதே, அந்தச் சத்தத்துக்குப் பயந்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறாள். கதவை மூன்று தடவை தட்டு, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு. அதற்கு மட்டும் இன்னும் நிமிர்ந்து உட்காருகிறாள். "யாரு?" என்பாள். உன் பெயரைச் சொல். அவள் ரவி என்று கூப்பிட்டால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள், சில நாள் "பெரியவன் போன் பண்ணானா?" என்று கேட்கிறாள், உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். படம் பீரோவில் அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. மாட்டுவதும் மாட்டாததும் உன் இஷ்டம். மாட்டினால் மாலை இல்லாமல் மாட்டு.

இன்னும் ஒன்றுதான். சென்னையிலிருந்து போன் வந்து, என் குரல் இல்லாமல் வேறு யாராவது பேசினால், அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு வராதே. செய்ய வேண்டியதைச் சென்னையிலேயே செய்து முடித்துவிடு. அங்கேயே குளித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. என் செருப்பும் துண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். என் படத்தை மாட்டாதே. ஒரு நாள் காலையில் அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அவரு எங்க?" என்று கேட்பாள். என்னிடம் ஒரு வேஷம் கேட்டவன் நீ. உனக்கு நான் வசனமுள்ள வேஷம் கொடுத்ததே இல்லை. இப்போது ஒரே ஒரு வசனம் தருகிறேன். "ஒத்திகைக்குப் போயிருக்காரும்மா" என்று சொல். வார்த்தை வராவிட்டால் பயப்படாதே, அப்படியே நில். அவள் உன் உதட்டைப் பார்ப்பாள். எடுத்துக் கொடுப்பாள்.

அப்பா